பதினாறு சட்டைகளும் ஒரு பாடமும்

‘கந்தையானாலும் கசக்கிக் கட்டு’ என்று நம் பெரியோர் சொல்லி வைத்தனர். எப்படிக் கசக்குவது என்பதை அவர்கள் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் அந்நாளில் இருந்திராது. துணி என்றால் பெரும்பாலும் பருத்தி. அழுக்கு என்றால் மண்ணும் வியர்வையும். ஆற்றங்கரைக் கல்லில் நான்கு முறை அடித்து வெயிலில் உலர்த்தினால் வேலை முடிந்தது. இக்காலத்துத் துணி அப்படிப்பட்டதன்று. அதிலும் பிள்ளைகள் பந்தாடும்போது அணிகின்ற ஜெர்சி என்னும் சட்டை இருக்கிறதே, அது ஓட்டத்தையும் உதையையும் மழையையும் தாங்கும். ஓர் இஸ்திரிப் பெட்டியின் சூட்டைத் தாங்காது. அவ்வுண்மையை நாங்கள் அறிந்துகொண்ட கதையைத்தான் இங்கே எழுதுகிறோம்.

நாங்கள் என்றால் கணவனும் மனைவியுமாகிய இருவர். இக்கதையில் ஒரு பிழை வருகிறது. அதைச் செய்த கை யாருடையது என்று பிரித்துச் சொல்லப் போவதில்லை. ஒருவர் செய்தார், மற்றவர் பக்கத்தில் நின்று தலையாட்டினார். ஆகவே பிழை இருவருக்கும் பொது.

எங்கள் வீடு லேக் மார்க்கெட்டை ஒட்டிய ஒரு சந்தில் இருக்கிறது. வாழையிலையும் கறிவேப்பிலையும் மல்லிகைச் சரமும் கிடைக்கும் அந்த இடத்தை இந்நகரத் தமிழருக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. எங்கள் மகன் இங்கேயே பிறந்தவன். வீட்டில் தமிழ், தெருவில் வங்காளம் என்று வளர்கிறான். எங்கள் பாராவில், அதாவது எங்கள் தெருவும் சுற்றுப்புறமும் சேர்ந்த வட்டாரத்தில், பையன்களுக்கு ஒரு கால்பந்துச் சங்கம் உண்டு. அதில் அவன் வலப்புறம் ஓடுகிறான்.

இவ்வூரில் சட்டையின் நிறம் சிறு விஷயம் அன்று என்பதை நாம் அறிவோம். பச்சையும் மெரூனும் கண்டால் மோகன் பகான். சிவப்பும் பொன்னிறமும் கண்டால் ஈஸ்ட் பெங்கால். கறுப்பும் வெள்ளையும் கண்டால் முகமதன் ஸ்போர்ட்டிங். 1911 ஜூலை 29 அன்று மோகன் பகான் வீரர்கள், ஒருவர் தவிர மற்றெல்லோரும் வெறுங்காலுடன் ஆடி, ஈஸ்ட் யார்க்‌ஷயர் ரெஜிமெண்ட் என்னும் ஆங்கிலேயப் படையணியை 2-1 என்ற கணக்கில் வென்று ஐ.எஃப்.ஏ. கேடயத்தைக் கைக்கொண்ட கதையை இங்குள்ள சிறுவர்கள் பாட்டி சொன்ன கதைபோல் சொல்வார்கள். அக்கதைகளில் நம் பக்கத்தாருக்கும் இடம் உண்டு. 1949 முதல் 1953 வரை ஈஸ்ட் பெங்காலின் முன்வரிசையில் வெங்கடேஷ், அப்பா ராவ், தன்ராஜ், அகமது கான், சாலே என்னும் தென்னாட்டார் ஐவர் ஆடினர். ‘பஞ்ச பாண்டவர்’ என்றே வங்காளிகள் அவர்களை அழைத்தனர். 2023 ஆகஸ்டு 12 அன்று டூரண்டு கோப்பையில் மோகன் பகானுக்கு எதிராக ஈஸ்ட் பெங்காலின் வெற்றிக் கோலை அடித்தவர் சென்னைப் பையன் நந்தகுமார் சேகர். அன்று இரவு எங்கள் சந்தில் இனிப்பு வழங்கியவர்கள் வங்காளிகள். வாழ்த்தைப் பெற்றுக்கொண்டவர்கள் நாங்கள்.

சட்டையின்மேல் ஏறும் பெயரும் இங்கே சிறு விஷயம் அன்று. 2020-ஆம் ஆண்டில் மோகன் பகானின் கால்பந்துப் பிரிவு ‘ஏடிகே’ அணியுடன் இணைந்தது. அந்த மூன்றெழுத்து சங்கத்தின் பெயருக்கு முன்னால் ஏறி அமர்ந்தது. அதை நீக்க வேண்டும் என்று ரசிகர்கள் விடாமல் கேட்டனர். 2023-இல் அது நீங்கி ‘மோகன் பகான் சூப்பர் ஜயண்ட்’ என்று ஆயிற்று. ஒட்டிய பெயரை எடுப்பது பெரிய சங்கத்துக்கே மூன்றாண்டு வேலை என்றால், எங்கள் சிறிய சங்கத்துக்கு அது எளிதாக இருக்குமா?

சென்ற ஆடி மாதத்தில் ஒருநாள் மாலை, சங்கத்தின் செயலாளர் ஒரு பெரிய மூட்டையுடன் எங்கள் வீட்டுக்கு வந்தார். எல்லோரும் ‘தாதா’ என்றழைக்கும் முதியவர் அவர். மூட்டையில் பதினாறு ஜெர்சிகள் இருந்தன. முந்திய ஆண்டு உதவிய கடைக்காரரின் சின்னம் அவற்றின் மார்பில் ஒட்டப்பட்டிருந்தது. இவ்வாண்டு உதவுபவர் வேறொருவர். புதுச் சட்டை வாங்கப் பணம் போதாது. பழைய சின்னத்தை எடுத்துவிட்டுப் புதியதை வைத்தால் போதும். ஆகஸ்டு 15 அன்று பக்கத்துப் பாராவுடன் பந்தயம். யாராவது பொறுப்பாக எடுத்துத் தருவார்களா என்று கேட்டார்.

நாங்கள் தருகிறோம் என்று உடனே சொன்னோம். அந்த ‘உடனே’ என்பதில் கொஞ்சம் கர்வமும் கலந்திருந்தது. பட்டுப் புடவையில் சிந்திய நெய்யை எடுத்த வீடு இது; வேட்டியில் பட்ட வாழைக்கறையோடு போராடிய வீடு இது. பிள்ளைகளின் பனியன் எம்மாத்திரம் என்று எண்ணினோம்.

மூட்டையைப் பிரித்துப் பார்த்தபோது பதினைந்து சட்டைகள் நீலமாக இருந்தன. ஒன்று மட்டும் மஞ்சள், கோல் காப்பவனுடையது. அது மற்றவற்றைவிட மிகப் பழையது. கழுத்துப்பட்டை நைந்திருந்தது; நிறம் வெளுத்திருந்தது. ‘இது எப்படியும் போகிற துணிதானே, முதலில் இதில் சோதித்துப் பார்ப்போம்’ என்று முடிவு செய்தோம். எங்கள் பிழை அங்கே தொடங்கியது.

சின்னத்தை நகத்தால் கிள்ளினோம்; வரவில்லை. சூடு பட்டால் பசை இளகும் என்று எங்கோ கேட்ட ஞாபகம். இஸ்திரிப் பெட்டியின் திருகைப் பருத்திக்குரிய குறியில் வைத்து, சட்டையின்மேல் நேராக அழுத்தி, முப்பது வரை எண்ணினோம். இருபதுக்குள்ளாகவே ஒரு நாற்றம் எழுந்தது. பெட்டியைத் தூக்கினோம். சட்டையும் கூடவே எழுந்தது. பிரித்தெடுத்தபோது சின்னம் பாதி கருகியும் பாதி ஒட்டியும் நின்றது. அதன் ஓரத்தில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஓட்டை. ஓட்டையைச் சுற்றித் துணி கண்ணாடிபோல் பளபளத்தது.

மகன் பள்ளியிலிருந்து வந்தான். சட்டையைப் பார்த்தவன் புத்தகப் பையைக் கூடக் கீழே வைக்கவில்லை. அச்சட்டை கோல் காக்கும் பையனின் அண்ணன் அணிந்தது என்றும், அண்ணன் வேலைக்கு வெளியூர் போனபோது தம்பிக்கு விட்டுச் சென்றது என்றும், அதனால்தான் அவன் புதுச் சட்டை வேண்டாம் என்று அதையே போட்டுக்கொள்கிறான் என்றும் சொன்னான். அந்தப் பிள்ளைகளுக்குத் தந்தை இல்லை. தாய் இரண்டு வீடுகளில் சமையல் செய்கிறாள். பதினாறில் எதற்கும் உதவாதது என்று நாங்கள் தேர்ந்தெடுத்த சட்டைதான் மற்றப் பதினைந்தைக் காட்டிலும் விலை உயர்ந்ததாக இருந்தது.

அன்று மாலை அப்பையன் வந்தான். சட்டையைக் கையில் எடுத்து, ஓட்டையின் வழியாக விரலை நுழைத்துப் பார்த்தான். “பரவாயில்லை, காகிமா” என்று வங்காளத்தில் சொல்லிவிட்டுப் போனான். எங்களைத் திட்டியிருந்தால் கூடத் தாங்கியிருப்போம். புதிதாக ஒரு சட்டை வாங்கிக் கொடுத்துவிடலாம் என்று ஒரு யோசனை எழுந்தது. எஸ்பிளனேடு பக்கத்து மைதான் மார்க்கெட்டில் எந்த நிறத்திலும் கிடைக்கும். ஆனால் மன்னிப்புக் கேட்க வேண்டிய இடத்தில் பணத்தை நீட்டுவது முறையாகாது என்று தோன்றியது. சட்டைக்கு உரியவன் அண்ணன். அவனிடம் சொல்லியாக வேண்டும். தாயிடம் அவனுடைய எண்ணை வாங்கினோம்.

அண்ணன் எங்கே இருக்கிறான் என்று கேட்டபோது அவள் சொன்ன ஊரின் பெயர் எங்களை நிமிர்ந்து உட்கார வைத்தது. திருப்பூர்! நம்மவர் பிழைப்பைத் தேடி வடக்கே வங்கத்துக்கு வந்ததுபோல், அவன் பிழைப்பைத் தேடித் தெற்கே நம் சீமைக்குப் போயிருக்கிறான். ஒரு பனியன் கம்பெனியில் ஆறு ஆண்டுகளாக வேலை. இஸ்திரி மேசையில் தொடங்கி, இப்போது ஆடைகளில் சின்னம் ஒட்டும் இயந்திரத்தில் நிற்கிறானாம். எந்த ஒட்டை எடுக்கத் தெரியாமல் நாங்கள் அவன் சட்டையைச் சுட்டோமோ, அதே ஒட்டைப் போடுவதுதான் அவனுடைய தொழில்!

நாங்கள் வங்காளத்தில் பேச்சைத் தொடங்கினோம். அவன் தமிழில் மறுமொழி சொன்னான். அதுவும் கொங்குத் தமிழில். “சொல்லுங்க அக்கா, தம்பி ஒழுங்கா விளையாடறானுங்களா?” என்றான். நடந்ததைச் சொன்னோம். பின்னால் இயந்திரங்கள் ஓடும் ஓசை மட்டும் சிறிது நேரம் கேட்டது. பிறகு அவன் கேட்டது ஒன்றே: “மீதி எத்தனை பீஸ் இருக்குதுங்க?”

பதினைந்து என்றோம்.

“அதுல கை வெச்சராதீங்க. ராத்திரி ஷிப்டு முடிச்சுட்டு நான் வீடியோவுல வர்றனுங்க.”

அன்று இரவு பத்தரை மணிக்கு எங்கள் உணவு மேசை ஒரு பள்ளிக்கூடம் ஆயிற்று. ஆசிரியனுக்கு வயது இருபத்தாறு. மாணவர்கள் இருவருக்கும் தலை நரைத்திருந்தது. அவன் கற்பித்ததையும், பின்னர் நாங்கள் செய்து அறிந்ததையும் அன்பர்களுக்குப் பயன்படும் என்று எழுதுகிறோம்.

சட்டையைத் தொடுவதற்கு முன் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும் என்றான். துணி என்ன? பசை என்ன? எடுக்கக் கூடாதது எது?

முதலாவது துணி. இன்றைய ஜெர்சி பெரும்பாலும் பாலியெஸ்டர் நூலால் பின்னப்பட்டது. பாலியெஸ்டர் உருகுவது ஏறத்தாழ 250 டிகிரி சூட்டில்தான். ஆயினும் அதற்கு வெகு முன்னரே அது இளகி, சுருங்கி, பளபளப்பு ஏறிவிடும். ஏறிய பளபளப்பு பிறகு இறங்காது. பருத்திக்குரிய சூடு ஏறத்தாழ 200 டிகிரி. மெல்லிய பின்னல் துணியை அதன் கீழே அரை நிமிடம் அழுத்தி வைத்தால் என்ன ஆகும் என்பதை எங்கள் மஞ்சள் சட்டை காட்டிவிட்டது. துணி எதுவென்று சட்டையின் உள்தையலில் இருக்கும் சிறு நாடாவில் அச்சிட்டிருக்கும். அதை ஒரு முறை படித்திருந்தால் இக்கட்டுரையே தேவைப்பட்டிராது.

இரண்டாவது பசை. சின்னம் சட்டையில் ஏறும் வழிகள் பல. தையலால் ஏறியதைப் பின்பக்கம் திருப்பி, சிறு கத்தரியால் ஒன்றுவிட்டு ஒன்றாகத் தையலை வெட்டினால் தானே கழன்று வரும். சூட்டினால் ஒட்டியதன் பின்புறத்தில் இருக்கும் பசை, சூடு பட்டால் இளகும், ஆறினால் இறுகும். அதை எடுக்கவும் சூடுதான் வேண்டும். கடைச்சீட்டுப் போல அழுத்தி ஒட்டிய சின்னத்தின் பசை எண்ணெய்க்கும் ஸ்பிரிட்டுக்கும் இளகும். இவையன்றிச் சாயமாகவே நூலுக்குள் இறங்கிய படங்களும் உண்டு. விரலால் தடவினால் துணிக்கும் படத்துக்கும் மேடு பள்ளம் தெரியாது. அவற்றை எடுக்க எவராலும் ஆகாது. முயல்வது சட்டைக்குக் கேடு.

மூன்றாவது, எடுக்கக் கூடாதது. எங்கள் சட்டைகளின் முதுகில் ஆட்டக்காரனின் எண், ரப்பர் போன்ற மெல்லிய ஏட்டால் ஒட்டப்பட்டிருந்தது. மார்பில் உள்ளது போக வேண்டும். முதுகில் உள்ளது நிற்க வேண்டும். இரண்டையும் பிடித்திருப்பது ஏறத்தாழ ஒரே வகைப் பசை. ஆகவே சட்டைக்குள் ஒரு கனத்த துண்டை மடித்துச் செருகி, மார்பின் சூடு முதுகுக்குப் போகாமல் தடுக்கச் சொன்னான்.

இனி எடுக்கும் முறை. பழைய வேட்டித் துண்டு ஒன்றைச் சின்னத்தின்மேல் விரித்தோம். இஸ்திரிப் பெட்டியைச் செயற்கைத் துணிக்குரிய மிகக் குறைந்த சூட்டில் வைத்து, பத்து எண்ணும் வரை அழுத்தினோம். தேய்க்கக் கூடாது, அழுத்தி எடுக்க வேண்டும். பிறகு ஒரு மூலையை நகத்தால் கிளப்பிப் பார்த்தோம். வராவிட்டால் சூட்டைக் கூட்டக் கூடாது. அதே சூட்டில் இன்னொரு பத்து. மூன்றாம் முறையில் மூலை எழுந்தது. அப்போது மேல்நோக்கி இழுத்தால் பின்னல் நீண்டு கெடும். சின்னத்தை அதன் முதுகின்மேலேயே மடித்து, ஏறக்குறைய சட்டையோடு ஒட்டினாற்போல் மெல்ல உரிக்க வேண்டும். மற்றொரு கை துணியை மேசையோடு அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். பாதியில் ஆறிவிட்டால் நிறுத்திவிட்டு மறுபடியும் சூடு காட்ட வேண்டும். முதல் சட்டைக்கு இருபது நிமிடம் ஆயிற்று. “அவசரம் இல்லீங்க, பீஸ்தான் முக்கியம்” என்று திருப்பூரிலிருந்து குரல் வந்துகொண்டே இருந்தது.

சின்னம் வந்தபின் பசை தங்கும். அதன்மேல் ஒரு வெள்ளைப் பருத்தித் துணியை வைத்து மறுபடியும் இளஞ்சூடு காட்டினால், இளகிய பசையில் பெரும்பகுதி அத்துணிக்கு ஏறிவிடும். எஞ்சியதற்கு மருந்துக் கடையில் கிடைக்கும் ஸ்பிரிட் போதும். அதையும் முதலில் உள்தையலின் ஓரத்தில் ஒரு துளி தொட்டு, சாயம் பஞ்சில் ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். சோதனைக்கு உரிய இடம் அந்த உள்தையல்தான். பழைய சட்டை அன்று! சாயம் போகாது என்று தெரிந்தபின், பஞ்சை நனைத்து, ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஒற்றி ஒற்றி எடுக்க வேண்டும். நடுவிலிருந்து தொடங்கினால் பசை பரவும்.

கைப்பகுதியில் இருந்த சீட்டுச் சின்னங்களுக்கு உபாயம் சொன்னவர் எங்கள் வீட்டுப் பாட்டி. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, “நீலகிரித் தைலம் போட்டுப் பாருங்களேன்” என்றார். அலமாரியில் தலைவலிக்கென்று இருந்த புட்டி வந்தது. இரண்டு துளி விட்டுப் பத்து நிமிடம் பொறுத்தோம்; பசை உருண்டு உருண்டு வந்தது. திருப்பூர்க்காரன் சிரித்துவிட்டு, அது சரிதான் என்றும், எண்ணெய்ப் பசை நீங்கப் பாத்திரம் கழுவும் சோப்பை உடனே தடவும்படியும் சொன்னான். பாட்டிக்கு அன்றிரவு வெகு பெருமை.

செய்யக் கூடாதவற்றையும் அவன் எச்சரித்தான். நகச்சாயம் அழிக்கும் அசிடோன் பாலியெஸ்டரைக் கரைக்காதுதான். ஆனால் முதுகிலுள்ள எண்ணை இளக்கிக் குலைத்துவிடும், அசிடேட் கலந்த துணியாயின் அதையும் கரைத்துவிடும். பெட்ரோலும் மண்ணெண்ணெயும் பசையை எடுக்கும். அடுப்பு எரியும் சிறு வீட்டில் அவற்றைத் திறப்பது சட்டைக்காக வீட்டைப் பணயம் வைப்பதாகும். ஸ்பிரிட்டும் நெருப்புப் பற்றக் கூடியதே. சன்னலைத் திறந்து, அடுப்பை அணைத்து, ஸ்பிரிட் முற்றும் உலர்ந்தபிறகே இஸ்திரிப் பெட்டியை மறுபடி எடுக்க வேண்டும்.

பதினைந்து சட்டைகளின் சின்னங்களும் நான்கு இரவுகளில் நீங்கின. அதன்பின் கறைகள் கண்ணில் பட்டன. ஜெர்சியில் ஏறும் கறைகளுக்கு ஓர் ஊரின் வாழ்வே காரணம் போலும். கொல்கத்தாவில் பந்தாட்டக் காலமும் மழைக்காலமும் ஒன்று. கங்கை கொணர்ந்து குவித்த வண்டல்தான் இந்நகரத்தின் மண். ஈரமாக இருக்கும்போது தேய்த்தால் நூலுக்குள் இறங்கிவிடும். சேறு படிந்த சட்டையை உலர விட்டு, காய்ந்த மண்ணைத் தூரிகையால் தட்டி, பின்பக்கத்திலிருந்து குளிர்ந்த நீரை ஓட விட வேண்டும். புல்லின் பச்சைக்கு நீர் பயன்படாது, ஸ்பிரிட் பயன்படும். முழங்கையில் கசிந்த இரத்தத்துக்குக் குளிர்நீரும் சிறிது உப்பும் போதும். வெந்நீர் ஊற்றினால் முட்டை வேகுவதுபோல் இரத்தம் இறுகித் துணியோடு நிலைத்துவிடும்.

ஆட்டம் முடிந்ததும் பையன்கள் தின்னும் ஜால்முடியின் கடுகெண்ணெய் பல சட்டைகளில் இருந்தது. அதற்குக் கடலைமாவைத் தூவி, எண்ணெயை உறிஞ்ச விட்டு, பிறகு பாத்திரச் சோப்பால் கழுவினோம். எங்கள் மகனின் சட்டையில் மட்டும் ஒரு மஞ்சள் கறை. நம் சாம்பாரின் கைவரிசை! அதில் சோப்பைப் போட்டதும் கறை செக்கச்செவேல் என்று ஆயிற்று. மற்றவர் பதறியிருப்பர், தமிழ் வீட்டார் பதற வேண்டியதில்லை. ஆலாத்தித் தட்டில் மஞ்சள் நீரும் சுண்ணாம்பும் கலந்தால் சிவப்பது போன்றதே இது. சோப்பு சுண்ணாம்பின் குணம் கொண்டது. எலுமிச்சை நீரில் அலசினால் மறுபடியும் மஞ்சளாகும். மஞ்சளின் நிறம் நீரில் எளிதில் கரையாது, ஸ்பிரிட்டில் கரையும். எஞ்சியதை வெயில் தின்றுவிடும். மழை விட்ட ஒரு முற்பகல், கறை பட்ட இடத்தை மட்டும் வெயில் பார்க்க வைத்தோம். மாலைக்குள் தேடிப் பார்க்கும்படி ஆயிற்று.

துருக்கறைக்கு எலுமிச்சைச் சாறும் உப்பும். அதன்மேல் குளோரின் கலந்த வெளுப்பு மருந்தை ஊற்றினால் துரு இன்னும் ஊன்றிக்கொள்ளும். அம்மருந்து ஜெர்சிகளுக்கு எவ்வகையிலும் ஆகாது. மீள்தன்மைக்காகச் சேர்த்திருக்கும் எலாஸ்டேன் நூலை அது அரித்துவிடும். அதை எலுமிச்சை, வினிகர் முதலிய புளிப்புப் பொருள்களுடன் ஒருபோதும் கலக்கக் கூடாது, நச்சுவாயு கிளம்பும். துணியை மென்மையாக்க விற்கும் நறுமணத் திரவமும் ஜெர்சிக்கு வேண்டாம். வியர்வையை உறிஞ்சி வெளியே கடத்துவதற்கென்று அமைந்த நூலின்மேல் அது ஓர் ஏடுபோல் படிந்து, அவ்வேலையைக் கெடுத்துவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஈரச் சட்டையைப் பையில் சுருட்டி வைக்கக் கூடாது. இவ்வூர் ஆடி ஆவணியில் விரைவிலேயே பூஞ்சை புள்ளி வைத்துவிடும். ஆடி வந்த அன்றே அலசி, மின்விசிறியின் கீழாவது உலர்த்துவது நலம்.

எல்லாம் முடிந்தபின்னும் ஒரு குறை நின்றது. நீலச் சட்டைகளின் மார்பில், சின்னம் இருந்த இடம் கொஞ்சம் கருநீலமாகத் தெரிந்தது. எவ்வளவு துடைத்தும் போகவில்லை. அண்ணனிடம் காட்டினோம். “அது கறை இல்லீங்க அக்கா. அதுதான் சட்டையோட நிஜ கலரு. மத்த இடம்தான் வெயில்ல வெளுத்துப் போச்சு” என்றான்.

மஞ்சள் சட்டை மட்டும் மேசைமேல் கிடந்தது. அதற்கும் வழி அவனே சொன்னான். பளபளப்பு ஏறிய ஓரத்தைக் கத்தரித்து வட்டமாக்கி, உள்ளே அதே வகை பின்னல் துணியில் ஒரு துண்டு வைத்து, ஓட்டையின்மேல் புதிய சின்னத்தை நிறுத்தித் தைக்க வேண்டும், ஒட்டக் கூடாது. இன்னொரு முறை சூடு அந்தச் சட்டைக்கு ஆகாது. பின்னல் துணிக்கென்று முனை மழுங்கிய ஊசி உண்டு என்றும், நூலை இறுக்கினால் சட்டை சுருங்கி நிற்கும் என்றும் சொன்னான். இரண்டு மாலைகள் கைத்தையல் போட்டோம். பையனை வரவழைத்துச் சட்டையைக் கொடுத்து, அவனிடமும் முறையாக மன்னிப்புக் கேட்டோம். பெரியவர்கள் மன்னிப்புக் கேட்பது அவனுக்குப் புதிது போலும். வெட்கத்துடன் சட்டையைத் தலைவழியே மாட்டிக்கொண்டு ஓடிவிட்டான்.

ஆகஸ்டு 15 அன்று பெருமழையில் பந்தயம் நடந்தது. எங்கள் பாரா தோற்றது. பதினாறு சட்டைகளும் சேறாகி எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்தன. இம்முறை தாதா கேட்கவே இல்லை. வாசலில் வைத்துவிட்டுப் போனார்.

துர்கா பூஜை விடுமுறைக்கு அண்ணன் ஊருக்கு வந்தான். வந்த மறுநாள் தம்பியுடன் எங்கள் வீட்டுக்கு வந்தான். சந்தேஷ் வாங்கி வந்திருந்தான். எங்களிடம் தயிர்சாதமும் மாவடுவும் கேட்டான். திருப்பூரில் பழகிவிட்டதாம். சாப்பாடு முடிந்தபின் மஞ்சள் சட்டையை எடுத்துவரச் சொன்னான். எங்களுக்கு நெஞ்சு படபடத்தது. அவன் முன்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. தொழில் தெரிந்தவன் அல்லவா, சட்டையை உள்வெளியாகத் திருப்பி, பின்பக்கத் தையலை விரலால் தடவிப் பார்த்தான்.

“கொஞ்சம் இழுத்திருக்குதுங்க. ஆனா நிக்கும்” என்றான்.

நம்மில் பல வீடுகளில் இப்படி ஒரு பழைய சட்டை இருக்கும். அதில் ஒட்டியதை எடுக்க நேர்ந்தால் துணியைக் கேளுங்கள், பசையைக் கேளுங்கள், காக்க வேண்டியது எது என்று கேளுங்கள். சோதிப்பதற்கு உள்தையலின் ஓரத்தைத் தேடுங்கள். இவற்றுக்கெல்லாம் முன்னால், அச்சட்டை யாருடையது என்பதைக் கேட்டுக்கொள்ளுங்கள். நாங்கள் கேட்கத் தவறியது அதுவே.